கைமாத்து டிக்கெட்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவள் அவள். ஆனால் அவள் போட்டுக் கொடுத்த வழியில் உலகத்தை வளைய வந்தவர்கள் ஒரு பட்டாளமே உண்டு. எந்த விமான நிலையத்தில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், எங்கே கடைசி வாசலுக்கு மூச்சிரைக்க ஓட வேண்டும், எந்த ஊரில் நான்கு மணி நேர இடைவெளியும் போதாது, எங்கே கைப்பிடி இல்லாத பெஞ்சு இருக்கிறது, அதில் காலை நீட்டிப் படுக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சமையலறை மேசையில், காய் நறுக்கும் பலகைக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இத்தனையும். கணவனோடு வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் ‘ரூட் அண்ணி’.

பகலில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சுகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. கணவன் அடுப்பு மெக்கானிக். வீட்டு அடுப்பல்ல. ஒரு முனையில் மாவாக உள்ளே போவது மறு முனையில் ரொட்டியாக வெளியே வரும், ரயில் பெட்டி நீளத்து அடுப்பு. அந்தக் கம்பெனி உலகம் முழுக்க அடுப்பு விற்றிருந்தது. எங்கோ ஓர் ஊரில் அடுப்பு நின்றால் அந்த ஊர் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். உடனே ஒரு மெக்கானிக்கை விமானத்தில் அடைத்து அனுப்புவார்கள். அந்த மெக்கானிக் தூங்கினானா என்று கேட்க நாதியில்லை.

டிக்கெட்டுக்கு இவ்வளவுதான் என்று கம்பெனி ஒரு வரம்பு வைத்திருந்தது. அதற்குள் எந்த வழியில் போகிறாய் என்பது உன் பாடு. அங்கேதான் அண்ணி நுழைந்தாள். நேராகப் போனால் ஒரே பாய்ச்சல். சுற்றிப் போனால் இரண்டு ஊரில் இறங்கி ஏற வேண்டும், இடுப்பு ஒடியும், ஆனால் பின்னால் இலவச டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள விமானக் கம்பெனி தரும் பாயின்ட் இரண்டு மடங்கு சேரும். கணவனுக்கு அவள் எப்போதும் சுற்று வழியைத்தான் போட்டாள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் போய் வந்தான்.

எல்லாம் தங்கைக்காக. கல்யாணமாகி உலகத்தின் மறுகோடிக்குப் போன தங்கை. அவள் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதி தண்ணீரில் கிடப்பவன். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. காசு கொடுத்து அவ்வளவு தூரத்துக்கு டிக்கெட் எடுக்கிற வசதி இரண்டு வீட்டிலும் இல்லை. ஆனால் பாயின்ட் இருக்கிறதே! கணவன் நடு சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்த ஒவ்வொரு பயணமும் தங்கை வீட்டுப் பக்கம் தன்னை ஓரடி நகர்த்துகிறது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

அந்த மெக்கானிக்குகளிடையே ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கைமாத்து. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை வாங்குவதில்லையா, அதுபோல. போன இடத்தில் அடுப்பு சரியாகி, அங்கிருக்கிறவன் கையெழுத்துப் போடும்வரை கம்பெனி யாரையும் திரும்பக் கூப்பிடாது. வீட்டில் பிரசவமா, சாவா, அது கம்பெனிக்குக் கணக்கில்லை. அதனால் யார் கணக்கில் பாயின்ட் இருக்கிறதோ அவர், தவிக்கிறவருக்கு டிக்கெட் போட்டுவிடுவார். பின்னால் இவருக்கு வேண்டும்போது அவரோ, அவர் இல்லாவிட்டால் இன்னொருவரோ போடுவார். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

ஒரு காலை ‘டாக்டர்’ தொலைபேசியில் அழுதான். அவன் டாக்டரெல்லாம் இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை அடுப்பின் விசிறி மேல் அழுத்தி, நெஞ்சுத் துடிப்புக் கேட்பதுபோல் கேட்பான். அதனால் வந்த பெயர்.

“அண்ணி, அப்பா போயிட்டாரு. இங்க மேனேஜருகிட்ட சொன்னேன். ‘ரெண்டு நாள்ல அடுப்பு ஓடிடும், முடிச்சிட்டுக் கிளம்பு’ங்கறான்.”

“அடுப்பு என்ன, அவன் அப்பனா? நீ பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு டாக்சி பிடி. வழியில டிக்கெட் வரும்.”

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் கணவன் கணக்கிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாள். டாக்டர் சரியான நேரத்துக்கு வந்து அப்பா முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது?

போன வருஷக் கடைசியில் தங்கை கூப்பிட்டாள். சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். இனி இல்லையென்று எல்லோரும் கைவிட்ட வயதில் அவள் உண்டாகியிருந்தாள்.

“டாக்டரம்மா படுத்தே கிடக்கச் சொல்றாங்கக்கா. இவரு கப்பல் எப்ப கரைக்கு வரும்னு அவருக்கே தெரியல. ஆஸ்பத்திரி ஃபாரத்துல ‘பிரசவத்தின்போது உடன் இருப்பவர்’னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா அந்த நர்ஸ் ஒரு மாதிரி பாக்கறா. உன் பேரப் போட்டுட்டேன்.”

“கேக்காமயே போட்டுட்டியா?”

“கேட்டா நீ வேண்டாம்பியா?”

மறுநாள் மாலையே அண்ணி மேசையில் உட்கார்ந்தாள். தங்கைக்கு டாக்டரம்மா சொன்ன பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகப் போய்ச் சேரும் விமானத்தில் பாயின்ட்டுக்கு ஒரே ஒரு சீட் இருந்தது. முதல்முறையாகப் பயணி விவரம் என்ற கட்டத்தில் தன் சொந்தப் பெயரை எழுதினாள். பட்டனை அழுத்தினாள். ‘உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

கூடவே விமானக் கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல். இன்ன பயணிக்கு உங்கள் கணக்கிலிருந்து டிக்கெட் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் உங்களுக்கு என்ன உறவு? பதிலுக்கு அவரிடமிருந்து ஏதேனும் பெற்றீர்களா, அல்லது பெறுவதாக ஏற்பாடு உண்டா?

கணவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். “சித்தப்பா பையன்னு எழுதிட்டுப் போயேன். யாரு வந்து பாக்கப் போறா?”

“எதுக்குப் பொய் சொல்லணும்? திருடினோமா? வித்தோமா? ஒரு சாவுக்குப் பிள்ளைய அனுப்பி வெச்சோம். கேக்கறவங்களுக்கு நேராச் சொன்னா புரியாதா?”

அவள் நேராக எழுதினாள். ‘உறவு இல்லை. கூட வேலை பார்ப்பவர். அவருடைய அப்பா இறந்துவிட்டார். காசு எதுவும் வாங்கவில்லை. எங்களுக்குள் கைமாத்து வழக்கம் உண்டு. எங்களுக்குத் தேவைப்படும்போது அவர் தருவார்.’ எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்து, இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது என்று திருப்தியோடு அனுப்பினாள். தன்மீது குற்றம் சுமத்துகிறவனுக்குத் தேவையான ஒரே வாக்கியத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு வாரம் வாய் திறக்காதவர்கள் பிறகு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்கள். பண்டமாற்று விதிமீறல், கணக்கு மூடப்பட்டது, அதிலிருந்த பாயின்ட்டுகள் செல்லாது.

அவள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். பாட்டுக் கேட்டு, எண்ணை அழுத்தி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

“மேடம், பாயின்ட்ஸ் உங்க சொத்து கிடையாது. அது நாங்க மெம்பர்களுக்குக் கொடுக்கிற ஒரு சலுகை.”

“சலுகையா? உங்க சீட்டுல உக்காந்து உக்காந்து என் வீட்டுக்காரர் இடுப்பு போச்சே, அதையும் அவர் உங்களுக்குச் சலுகையா கொடுத்தாரா?”

“உங்க வருத்தம் புரியுது மேடம்.”

“வருத்தம் இல்லம்மா, கோபம். உனக்கு முன்னாடி திரையில கோபம்னு வேற பட்டன் இருந்தா அதை அமுக்கு.”

அந்தப் பக்கம் ஒரு செருமல். சிரிப்பை அடக்கியது போலிருந்தது.

“சரி, இதுக்குப் பதில் சொல்லு. நீங்க பாயின்ட்ட விக்கிறீங்கல்ல?”

“ஆமா மேடம், இப்பகூட ஆஃபர் ஓடுது. நீங்க வாங்கி அன்பளிப்பாகூடக் கொடுக்கலாம்.”

“யாருக்கு?”

“யாருக்கு வேணும்னாலும் மேடம்.”

“என்ன உறவுன்னு கேக்க மாட்டீங்க?”

“அதெல்லாம் கேக்க மாட்டோம் மேடம்.”

“அப்ப உங்ககிட்ட காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தா அன்பளிப்பு. சும்மா கொடுத்தா திருட்டு. அப்படித்தானே?”

பிறகு அந்தக் குரல் இறங்கி, அக்கம்பக்கம் பார்த்துப் பேசுகிறவளின் குரலாயிற்று. “மேடம், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சித்தப்பா பையன்னு எழுதியிருந்தா விட்டிருப்பாங்க.”

அந்தப் பெண்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவளும் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவள். பேச்செல்லாம் பதிவாகும் அறையில் உட்கார்ந்து பிழைக்கிறவள். கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கோ தொலைபேசி எண் இல்லை. அநியாயம் செய்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஏழையை நிறுத்திவிட்டு, தாங்கள் கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அண்ணிக்கு எதிலும் மூட நம்பிக்கை கிடையாது. புண்ணியம் சேர்த்தால் செத்த பிறகு சொர்க்கம் என்று யாராவது ஆரம்பித்தால், “சொர்க்கத்துல இறங்கினவன் யாராவது போன் பண்ணானா?” என்று கேட்டு வாயை அடைக்கிறவள். அன்று மேசையருகே உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, தானும் இத்தனை காலம் புண்ணியம்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம் என்று. இப்போது பல்லைக் கடித்துக்கொள், பின்னால் சுகப்படுவாய் என்றார்கள், கடித்துக்கொண்டாள். சேர்ந்ததற்கு என்ன மதிப்பு என்பதை அவர்களே சொல்வார்கள், நினைத்தபோது மாற்றுவார்கள், கேள்வி கேட்டால் உன் நடத்தை சரியில்லை என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். கையில் தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டி மனிதரை வரிசையில் நிற்கவைக்கும் வித்தை பழசு. புதிதாக வந்திருப்பது பிளாஸ்டிக் அட்டை மட்டும்.

“போகட்டும் விடு,” என்றான் கணவன்.

“எப்படி விடறது? நீங்க சுத்திச் சுத்திப் போய்ச் சேத்ததுங்க அது.”

அவன் தண்ணீர்க் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான். “நேரா போற விமானம் இருந்துச்சு. எல்லாத் தடவையும் இருந்துச்சு. சம்பளம், சாப்பாடு எல்லாம் அதே. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கலாம்.”

“அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே!”

“நீ அவ்வளவு ஆசையா ரூட் போட்டுக் கொடுப்பே. எப்படிச் சொல்ல?”

அவன் குத்திக் காட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாளை அவனிடமிருந்து பிடுங்கி, அந்த விமானக் கம்பெனியின் கையில் இவளே கொடுத்திருக்கிறாள். ‘இந்தாங்க, வெச்சுக்கங்க, பிறகு வாங்கிக்கறேன்’ என்று. கைமாத்து என்றால் அதுவல்லவா கைமாத்து! அதை அவர்கள் திருப்பித் தரவில்லை. விதிமீறல் இதில் யார் செய்தது?

சேதி பரவ வெகுநேரம் ஆகவில்லை. டாக்டர் அடுத்த நாளே வந்து நின்றான். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணி, பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“கைமாத்தத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?”

“வேண்டாம்டா. என்னை மோப்பம் பிடிச்சவங்க உன்னையும் பிடிப்பாங்க. உன் கணக்கையும் மூடுவாங்க. அது உன் பொண்ணு காலேஜ் சேரும்போது கூட்டிட்டுப் போக வெச்சிருக்கறது.”

“அண்ணி, அன்னிக்கு நீங்க ரெண்டு நாள் யோசிச்சிருந்தா நான் எங்கப்பாவப் பாத்திருப்பேனா? நீங்க யோசிக்கலை. இப்ப நானும் யோசிக்க மாட்டேன். நம்பரச் சொல்லுங்க, இல்லன்னா இங்கயே உக்காந்து உங்க கேஸ் அடுப்புக்கு வைத்தியம் பாத்துட்டிருப்பேன்.”

“ஐயோ, அதை மட்டும் செய்யாதே. நல்லா எரிஞ்சிட்டிருக்கு,” என்றாள். நம்பரைச் சொன்னாள்.

ஆனால் அவள் முதலில் பார்த்து வைத்த சீட் எப்போதோ பறந்துவிட்டது. டாக்டரின் கணக்கும் அதே விமானக் கம்பெனியில்தான். பாயின்ட்டுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. மூன்று ஊரில் இறங்கி ஏறிப் போகும் வழி. தங்கையின் பிரசவத் தேதிக்கு முதல் நாள் போய்ச் சேரும். வாழ்நாளெல்லாம் பிறருக்குப் போட்ட சுற்று வழியில் இப்போது தானே போகப் போகிறோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விமான நிலையத்தில் கணவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். எப்போதும் உள்ளே போகிறவன். வெளியே நின்று கையாட்டத் தெரியாமல், பஸ்ஸை நிறுத்துகிறவன் போல் கையை நீட்டினான். உள்ளே அவள் வரிசையில் நின்றாள். முதலில் தங்க அட்டைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பிறகு வெள்ளி. பிறகு ஒன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு. அவள் கடைசிப் பிரிவு. கைக்குழந்தையோடு ஒருத்தி அவளுக்குப் பின்னால் நின்றாள். குழந்தையிடம் அட்டை இல்லை போலும். ஒரே வாசல், ஒரே விமானம், எல்லோரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரப் போகிறார்கள். பிறப்பை வைத்து மனிதரை முன்னே பின்னே நிறுத்துவது அயோக்கியத்தனம் என்று ஒப்புக்கொள்ள இந்த உலகத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது! அதே வேலையைப் பர்ஸை வைத்துச் செய்தால் மட்டும் கைதட்டிக் கௌரவம் என்கிறது. விமானம் மேலே ஏறியதும் ஒரு பணிப்பெண் வந்து முன்பக்கத் திரையை இழுத்து மூடினாள். அந்தப் பக்கம் இருப்பதை இந்தப் பக்கம் பார்த்தாலே தீட்டாம்.

காது இப்படி வலிக்கும் என்று எந்த மெக்கானிக்கும் அவளிடம் சொன்னதில்லை.

இரண்டாவது ஊரில் நீண்ட காத்திருப்பு. கால் வீங்கியிருந்தது. எத்தனையோ பேருக்கு அவள் சொல்லி அனுப்பிய பெஞ்சு அங்கேதான் இருந்தது. பதினொன்றாம் வாசலைத் தாண்டி, தண்ணீர்க் குழாய்க்கு எதிரில். தேடிப் போய்ப் பார்த்தாள். பெஞ்சு இருந்தது. ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவில் புதிதாக ஓர் இரும்புக் கைப்பிடியை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். யாரும் படுத்துவிடக் கூடாதாம். அதற்கென்று ஒருவன் உட்கார்ந்து யோசித்து, அளவெடுத்து, ஆளனுப்பியிருக்கிறான். அவள் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவன் இப்படி எத்தனை தடவை உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தபோது தொலைபேசி அடித்தது. தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி.

“நீங்க அக்காதானே? பொண்ணு பிறந்திருக்கு. கொஞ்சம் சீக்கிரமே வலி வந்துடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பயப்படாதீங்க.”

“கூட யாரு இருந்தா?”

“நான் கொண்டுபோய் விட்டேங்க. உள்ளே என்னை விடலை. ஃபாரத்துல உங்க பேருதான் இருந்துச்சாம்.”

அவள் அழவில்லை. பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது தன் கையோடு பெயர்ந்து வந்துவிடும்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள். முதலில் பார்த்த சீட் கிடைத்திருந்தால் இந்நேரம் தங்கையின் கையைப் பிடித்திருப்பாள். ஒரு விதிமுறை. அதை எழுதியவனுக்கு ஒரு நாளும் தெரியப் போவதில்லை, பிரசவ அறைக்குள் ஒரு பெண் தனியாக எந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாள் என்று.

ஆஸ்பத்திரி அறைக்குள் அவள் நுழைந்தபோது தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“வந்துட்டியா? நல்ல நேரம் பாத்து வந்தே. வேலையெல்லாம் நானே முடிச்சிட்டேன்,” என்றாள். பிறகு உதடு கோணியது. அக்காவின் புடவைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

நான்காம் நாள் குழந்தை அண்ணியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் கூப்பிட்டான்.

“அண்ணி, எனக்கும் வந்துடுச்சு. அதே மெயில். என்ன உறவு, பதிலுக்கு என்ன வாங்கினே. அண்ணன் சொல்றாரு, சொந்த அக்கான்னு எழுதிடச் சொல்லி. உண்மைய எழுதினா உங்க ரிட்டர்ன் டிக்கெட்டையே ரத்து பண்ணிடுவாங்களாம். என்ன எழுதட்டும்?”

அண்ணி மடியைப் பார்த்தாள். குழந்தையின் விரல் அவள் கட்டைவிரலைச் சுற்றியிருந்தது. பொய் ஒன்றும் பெரிய பொய்யில்லை. ஒரு சொல். அந்தக் கஸ்டமர் கேர் பெண்ணே சொல்லிக் கொடுத்த சொல். ஆனால் இன்று இவன் எழுதுவான், நாளை இன்னொருவன் எழுதுவான். கொடுத்தவன் கூனிக் குறுகிப் பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், பிடுங்கியவன் நெஞ்சை நிமிர்த்திக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான்.

“உன் பாயின்ட் போயிடும்டா. அது உன்னுது, உன் பொண்ணுது. அதனால முடிவு உன்னுது. என் டிக்கெட்டுக்காகப் பொய் சொல்றதா இருந்தா மட்டும் சொல்லாதே.”

“நான் ஏற்கெனவே எழுதிட்டேன் அண்ணி,” என்றான் அவன். “அனுப்பலை. பதிலுக்கு என்ன வாங்கினேன்னு கேட்டிருக்கானே, அங்க ‘எங்கப்பா முகம்’னு போட்டிருக்கேன். உறவுங்கற கட்டத்துல ‘கைமாத்து’ன்னு போட்டிருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம்னு...”

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். “அனுப்பு.”

“அப்ப நீங்க எப்படித் திரும்பி வருவீங்க?”

“இவ புருஷன் கப்பல் வர்ற வரைக்கும் நான் எங்கயும் நகர்றதா இல்ல. ரத்து பண்ணட்டும், நல்லாப் பண்ணட்டும். அதுக்கப்புறம் கண்ணாடிக் கடையில முன்பணம் கேட்டுக் காசு கொடுத்து வர்றேன். உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லு. அடுத்த வேலைக்குக் கூப்பிட்டா என்னை ரூட் கேக்க வேண்டாம். எது நேராப் போகுதோ அதுல போய், நேரா வீட்டுக்கு வரச் சொல்லு.”

“அண்ணி வீட்டுல இல்லாதப்ப நேரா வந்து என்ன பண்ணுவாராம்?”

“போடா,” என்றாள். தங்கை கட்டிலிலிருந்து சிரித்தாள். சிரித்ததும் வலித்தது, “சிரிக்க வைக்காதேக்கா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை கண் விழித்து, யாரையும் எதுவும் கேட்காமல் அழ ஆரம்பித்தது.